சைலன்சர் மாத்தியாச்சு சரி, ஜெட்ட யாருவே மாத்துவா?

நம்ம திருநெல்வேலி பக்கம் புல்லட் வாங்குனவன் செய்யுற மொத சோலி என்னன்னு பாத்தா சைலன்சர் மாத்துறதுதான். சாவி கைக்கு வந்த வாரமே கம்பெனி சைலன்சர கழட்டி மூலையில போட்டுட்டு, லாங் பாட்டிலா ஷார்ட் பாட்டிலா மெகாஃபோனா கோல்டு ஸ்டாரா இந்தோரியான்னு ஒரு பட்டிமன்றம் நடத்தி, ஒண்ண வாங்கி மாட்டி, தெற்கு பைபாஸ்ல ஒரு ரவுண்டு அடிச்சுட்டு டீக்கடை வாசல்ல நிப்பாட்டி ஆக்ஸிலேட்டர ரெண்டு முறுக்கு முறுக்கி "எப்டிலே இருக்கு சத்தம்?"னு கேட்டுட்டா சோலி முடிஞ்சுச்சு. பெட்ரோலையும் காத்தையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புற கார்புரேட்டர்னு ஒண்ணு அந்த வண்டில இருக்குங்குற நெனப்பே யாருக்கும் வராது. ஒரு மாசம் கழிச்சு அதே ஆளு வருவான், "ஆக்ஸிலேட்டர விட்டா பட்டு பட்டுனு வெடிக்குதுண்ணே, கேக்க செம கெத்தா இருக்கு"ம்பான். கெத்துமில்ல ஒண்ணுமில்ல, உள்ள பெட்ரோல் பத்தல, காத்து கூடிப்போச்சு, அதான் அந்த வெடி.

என்கிட்ட இருக்குறது மாமாகிட்ட இருந்து வந்த பழைய காஸ்ட் அயர்ன் இன்ஜின் புல்லட் 350. 346 சிசி, 70 மி.மீ. போரு, 90 மி.மீ. ஸ்ட்ரோக்கு, வலது கால்ல கியரு, இடது கால்ல பிரேக்கு, மிக்கார்ப் விஎம்24 கார்புரேட்டரு. சத்தத்துக்கு ஆசப்பட்டு நான் சைலன்சர் மாத்தல (கொஞ்சம் ஆச இருந்துச்சு, அத விடுங்க), பழசு அடிப்பக்கம் துரு திங்க ஆரம்பிச்சு, உள்ள இருந்த தகடு கழண்டு ஐடில்ல நிக்கும்போது டப்பாவுல கல்லப் போட்டு குலுக்குற கணக்கா கெடந்து ஆடிட்டு இருந்துச்சு. கிட்டக்கிட்ட தூரமே ஓடுற வண்டின்னா இந்த துரு வரத்தான் செய்யும், ஏன்னா பெட்ரோல் எரிஞ்சா தண்ணி ஆவியும் சேந்துதான் வரும், சைலன்சர் நல்லா சூடாகுறதுக்குள்ள வண்டிய அமத்திட்டா அந்தத் தண்ணி உள்ளயே தங்கிரும். பழைய ஆளுங்க சைலன்சர் அடியில சின்னதா ஒரு ஓட்ட இருக்கணும்னு சொல்லுவாவல்லா, அது இதுக்குத்தான்.

வாங்குனது உள்ள கிளாஸ்வுல், அதாவது சத்தத்த அமுக்குற கண்ணாடி நார், சுத்துன ஷார்ட் பாட்டில். வெறும் பைப்பா இருக்குறத ஏன் வாங்கலன்னு ரெண்டு மூணு பேரு கேட்டாங்க. வெறும் பைப்பு போட்டா பவர் கூடும்னு ஒரு நம்பிக்க நம்மூர்ல ரொம்ப நாளா இருக்கு, அதுக்கு நேர் எதிரா "பேக் பிரஷர் இருந்தாத்தான்வே புல்லட் இழுக்கும்"னு இன்னொரு கூட்டம் சொல்லுது. ரெண்டுமே பாதி பாதிதான். இன்ஜினுக்கு அடைப்பு தேவையில்ல, எரிஞ்ச புகை ஒரு வேகத்துல வெளிய போகணும், அம்புட்டுதான். எக்சாஸ்ட் வால்வு திறந்தவுடனே ஒரு அழுத்த அலை பைப்பு வழியா ஓடும், பைப்பு விரியுற எடத்துல அது உறிஞ்சுற அலையா மாறி திரும்பி வரும், வால்வு மூடுறதுக்கு முன்னாடி அது வந்து சேந்துட்டா மிச்சம் மீதி புகையவும் இழுத்துட்டுப் போயி புது மிக்சர, அதாவது பெட்ரோலும் காத்தும் கலந்தத, உள்ள வர வைக்கும். பைப்போட நீளம், விட்டம் எல்லாம் இதுக்குத்தான். கண்டபடி வெட்டி காலி பைப்பா ஆக்குனா இந்தக் கணக்கு தப்பிரும், புல்லட்டுக்கு உசுரே கீழ இருக்குற டார்க்குதான், அதாவது கொறஞ்ச வேகத்துலயே இழுக்குற சக்தி, அது போயிரும், சத்தம் மட்டும் மிச்சம்.

இன்னொரு காரணம் போலீஸ். காதுல விழுந்த செய்திய நம்பாதீங்க, சட்டத்துல இருக்குறத சொல்லுதேன். மோட்டார் வாகனச் சட்டம் 190(2), சத்தத்துக்கும் புகைக்கும் உள்ளது. 2019 திருத்தத்துக்குப் பொறவு மொத தடவைக்கே 10,000 ரூபா வரைக்கும் அபராதம், இல்ல 3 மாசம் வரைக்கும் ஜெயில், இல்ல ரெண்டும், லைசென்ஸும் 3 மாசத்துக்குப் போகும். 175 சிசிக்கு மேல உள்ள வண்டிக்கு கம்பெனில இருந்து வெளிய வரும்போது இருக்க வேண்டிய சத்தத்தோட எல்லை 80 டெசிபல். கழட்டுன சைலன்சர எல்லாம் ரோட்டுல வரிசையா அடுக்கி ரோடு ரோலர் ஏத்துற வீடியோ பாத்திருப்பீங்க, அதுல கெடக்குறதுல பாதி புதுசு, விலையக் கேட்டா வயிறு எரியும். டவுன்ல ரத வீதிகள சுத்தி இருக்குற சந்துக்குள்ள சுவருக்கு சுவரு சத்தம் எதிரொலிக்கும், எங்க தெரு முக்குல திண்ணையில உக்காந்திருக்குற ஆச்சி இப்பவும் நான் போனா "ஏல, பைய போயேம்ல, புள்ள தூங்குதுல்லா"ங்கும். அது புது சைலன்சர் போட்டதுக்கு அப்புறம் ஒரு சொல்லு கூடல, அதே சொல்லுதான், அதுவே எனக்கு டெசிபல் மீட்டர்.

சரி, விஷயத்துக்கு வருவோம். அடைப்பு கொறஞ்ச சைலன்சர் போட்டா இன்ஜின் நல்லா மூச்சு விடுது, முன்னவிட காத்து கூட உள்ள வருது, ஆனா கார்புரேட்டர்ல பெட்ரோல அளந்து விடுற ஜெட்டோட ஓட்ட அதே ஓட்டதான். பெட்ரோலுக்கு 14.7 பங்கு காத்து, எடைக் கணக்குல, இதுதான் முழுசா எரியுறதுக்கு ஏத்த அளவு. நல்லா இழுக்கணும்னா 12.5ல இருந்து 13 பக்கம் கொஞ்சம் பெட்ரோல் கூட இருக்கணும். கம்பெனிக்காரன் புகை டெஸ்டுல பாஸாகணும்னு ஏற்கனவே கொஞ்சம் சிக்கனமாத்தான் ஜெட்டு போட்டிருப்பான். அதுக்கு மேல நாம காத்த கூட்டுனா மிக்சர் லீன் ஆயிரும், அதாவது காத்து கூடி பெட்ரோல் கொறஞ்சிரும். லீன்னா மைலேஜ் கூடும்னு நெனச்சு சந்தோஷப்படாதீங்க. லீனா ஓடுற வண்டி சூடாகும், இன்ஜின்ல இருந்து சைலன்சருக்குப் போற வளைஞ்ச பெண்டு பைப்பு ஹெட்டுக்கிட்ட நீலமடிக்கும், பிளக்கு முனை வெள்ளையா வெந்து போயிருக்கும், ஒரே சீரா போகும்போது யாரோ பின்னால இருந்து புடிச்சு புடிச்சு விடுற மாதிரி திணறும். ரொம்ப நாளு அப்படியே ஓட்டுனா வால்வு சீட்டும் பிஸ்டனும் உங்கள சும்மா விடாது.

அந்த பட்டு பட்டு சத்தம் எப்டி வருதுன்னா, ஓடுற வண்டில ஆக்ஸிலேட்டர சட்டுனு மூடும்போது பைலட் ஜெட்டுங்குற சின்ன ஜெட்டு மட்டும்தான் பெட்ரோல் குடுக்கும். அது பத்தலன்னா சிலிண்டருக்குள்ள சரியா பத்தாம எரியாத மிக்சர் அப்படியே சூடான சைலன்சருக்குள்ள போகும், அங்கன கொஞ்சம் புதுக் காத்தும் கெடச்சா அங்கனயே வெடிக்கும். புதுக் காத்து எங்கிட்டு இருந்து வருதுன்னா, பெண்டு பைப்பு ஹெட்டுல போயி உக்காருற எடம், பைப்பும் சைலன்சரும் சேருற கிளாம்பு. அதனால வெடிக்குதுன்னதும் கார்புரேட்டர நோண்டப் போகாம மொதல்ல லீக் இருக்கான்னு பாருங்க. காலங்காத்தால இன்ஜின் ஆறிக் கெடக்கும்போது ஸ்டார்ட் பண்ணி, அந்த ஜாயிண்டுக்கிட்ட கைய கொஞ்சம் தள்ளி வச்சுப் பாத்தாலே புகை அடிக்குதான்னு தெரிஞ்சிரும். கருப்பா கோடு விழுந்திருந்தாலும் லீக்குதான். எக்சாஸ்ட் பேஸ்டு தடவி இறுக்குனாலே பாதி வெடி நின்னுரும்.

பழைய சைலன்சர கழட்டுறது ஒரு சோலியே இல்லன்னு நெனச்சீங்கன்னா துருப்புடிச்ச போல்ட்டு உங்களுக்குப் பதில் சொல்லும். முந்தின நாளு ராத்திரியே துரு இளக்குற எண்ணெய அடிச்சு ஊற விட்டுரணும். இன்ஜின் லேசா சூடா இருக்கும்போது முயற்சி பண்ணுனா இன்னும் நல்லா வரும். போல்ட்டு தலை தேஞ்சு உருண்டுச்சுன்னா அப்புறம் வெல்டிங் கடைக்குத்தான் போகணும்.

கார்புரேட்டருக்கு வருவோம், இதுதான் ருசியான எடம். எனக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்தது பேட்டையில கடை வச்சிருக்குற ஒரு அண்ணாச்சி. பேரு வேண்டாம், அவரு அதெல்லாம் விரும்ப மாட்டாரு. காதுலயே டியூன் பண்ணுற பழைய ஆளு. ஆனா மத்தவிய மாதிரி ஸ்க்ரூ டிரைவர எடுத்து ஏர் ஸ்க்ரூவ அப்படி இப்படி திருப்பிட்டு "போவே"ன்னு அனுப்ப மாட்டாரு. வண்டிய கொண்டு போயி நிறுத்துனதும் அவரு மொதல்ல கேட்டது "டாப்பெட் பாத்தீரா? பாயிண்ட் கேப் பாத்தீரா?" (டாப்பெட்டுன்னா வால்வ தூக்குற தண்டோட இடைவெளி, பாயிண்ட்டுன்னா பிளக்குக்கு தீப்பொறி வர வைக்குற சுவிட்சு.) நான் கார்புரேட்டருக்கு வந்தேன் அண்ணாச்சின்னேன். "வேய், அது ரெண்டும் சரியில்லாம கார்புரேட்டர தொட்டா ரெண்டு பேருக்கும் பைத்தியம் புடிக்கும், அத மொதல்ல பாப்பம்" அப்படின்னாரு. பாயிண்ட் கேப்பு 0.35ல இருந்து 0.40 மி.மீ.க்குள்ள, டாப்பெட்டு இன்ஜின் நல்லா ஆறுன பொறவு, பிஸ்டன் மேல வந்து நிக்கும்போது புஷ்ராடு விரலால சுத்துனா சுத்தணும் ஆனா மேல கீழ ஆடக் கூடாது. பொறவு டைமிங், அதாவது தீப்பொறி விழுற நேரம். பொறவு ஏர் ஃபில்டர். இவ்வளவும் சரியா இருந்த பொறவுதான் கார்புரேட்டர்ல கைய வச்சாரு.

விஎம்24ல ஆக்ஸிலேட்டர் எவ்வளவு திறந்திருக்குங்குறதப் பொறுத்து வேலை செய்யுற ஆளு மாறிக்கிட்டே இருப்பான். மூடியிருக்குறதுல இருந்து கால் வரைக்கும் பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும். கால் பக்கத்துல, ஆக்ஸிலேட்டர முறுக்குனா மேல ஏறுற சிலைடோட அடியில வெட்டியிருக்குற சரிவும் சேந்துக்கும். காலுல இருந்து முக்கால் வரைக்கும் சிலைடுல தொங்குற ஊசி, அதாவது நீடில். முக்காலுக்கு மேல முழுக்க மெயின் ஜெட்டு. எல்லைக்கோடு போட்ட மாதிரி பிரிஞ்சிருக்காது, ஒண்ணு மேல ஒண்ணு ஏறி இறங்கும், ஆனா இந்தக் கணக்கு தெரியாம "வண்டி இழுக்கல, ஜெட்டு மாத்து"ன்னா எந்த ஜெட்டுன்னு தெரியாமலே மாத்திட்டு இருப்போம். 40ல ஊருக்குள்ள திணறுற வண்டிக்கு மெயின் ஜெட்ட மாத்தி என்ன பிரயோஜனம், அது அந்த நேரத்துல தூங்கிட்டுல்லா இருக்கு.

அதனால செஞ்ச மொத வேலை ஆக்ஸிலேட்டர் பிடில ஒரு சின்ன பேப்பர் டேப்ப ஒட்டி, ஸ்விட்சு பக்கம் ஒரு கோடு, பிடில கால், அரை, முக்கால், முழுசுன்னு கோடு போட்டதுதான். பைசா செலவு இல்ல. ஓட்டும்போது குனிஞ்சு ஒரு பார்வ பாத்தா எந்த எடத்துல வண்டி மக்கர் பண்ணுதுன்னு தெரிஞ்சிரும். முக்கால்வாசி பேரு முழுசா முறுக்குறோம்னு நெனச்சு அரைக்கு மேலயே போறதில்லங்குறதும் அப்பதான் தெரியும். புல்லட்ல 60ல போக காலுக்குக் கொஞ்சம் மேல முறுக்குனா போதும், ஆக நம்ம வாழ்க்கையில பாதி நேரம் ஊசியும் பைலட்டும்தான் ஓட்டுது, மெயின் ஜெட்டு இல்ல.

ஆனா டியூன் பண்ணும்போது மெயின்ல இருந்துதான் ஆரம்பிக்கணும்னு அண்ணாச்சி சொன்னாரு, ஏன்னா மெயின மாத்துனா ஊசிப் பக்கமும் கொஞ்சம் அசையும், கடைசியில மெயின மாத்துனா முன்னாடி பண்ணுனதெல்லாம் திரும்பப் பண்ணணும். கார்புரேட்டர் அடியில பெட்ரோல் தங்குற கிண்ணத்த கழட்டி மெயின் ஜெட்ட வெளிய எடுத்து கையில வச்சுப் பாத்தா பித்தளையில சுண்டு விரல் நகத்தளவுதான் இருக்கு, தலையில 90னு குத்தியிருக்கு, வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தா ஊசி முனை அளவுக்கு ஒரு ஓட்ட. இந்த ஓட்ட வழியா போற பெட்ரோல்தான் நூத்தம்பது கிலோவுக்கு மேல உள்ள இரும்ப இழுத்துட்டுப் போகுது. அந்த ஓட்டைய சிலபேரு கம்பிய விட்டு, இல்லாட்டி சின்ன டிரில் பிட்ட விட்டு பெருசாக்குவான், "எதுக்கு காசு குடுத்து ஜெட்டு வாங்கணும்"னு. செஞ்சிராதீங்க. கம்பி போனா ஓட்ட வட்டமா இருக்காது, உள்ள கீறல் விழும், அப்புறம் அதுல எவ்வளவு பாயுதுன்னு அந்தக் கடவுளுக்கே தெரியாது. சுத்தம் பண்ணணும்னாக்கூட காத்து அடிச்சாலோ கார்ப் கிளீனர் அடிச்சாலோ போதும்.

ஜெட்டு வாங்கும்போதும் நம்பர மட்டும் பாத்து வாங்கக் கூடாது. மிக்கார்ப்புங்குறது ஜப்பான் கம்பெனி மிக்குனியோட வகை, அந்த மெயின் ஜெட்டுல உள்ள நம்பரு எவ்வளவு பெட்ரோல் பாயுதுங்குற கணக்கு. இன்னொரு கார்புரேட்டர் கம்பெனியான கெய்ஹின்ல 100னா ஓட்டையோட விட்டம் 1.00 மி.மீ. ரெண்டுலயும் 100னு இருந்தாலும் ரெண்டும் ஒண்ணு இல்ல. கடைக்காரரு "எல்லாம் ஒண்ணுதான் தம்பி, மாட்டிக்கிடும்"பாரு, மாட்டிக்கிடும்தான், மரை ஒண்ணா இருந்தா எதுவும் மாட்டிக்கிடும்.

95, 100, 110னு மூணு வாங்கி வச்சிருந்தேன். எல்லாரும் 110 போடு 110 போடுன்னு சொல்லுறாங்களேன்னு அதையும் போட்டுப் பாத்தாச்சு. டெஸ்டுக்கு நாங்குநேரி பக்கம் நாலுவழிச் சாலை, விடியக்காலையில. ஆனி ஆடின்னா நாங்குநேரில இருந்து தெக்க வள்ளியூர், பணகுடி போகப் போக ஆரல்வாய்மொழி கணவாய்க் காத்து பக்கவாட்டுல அடிச்சு வண்டிய தள்ளும், காத்தாலைங்க சும்மாவா அங்கன நிக்குது, அதனால வெயில் ஏறி காத்து கெளம்புறதுக்கு முன்னாடி சோலிய முடிச்சுரணும். எதிர்க்காத்துல போகும்போது ஒரு ரிசல்ட்டும் திரும்பி வரும்போது இன்னொரு ரிசல்ட்டும் வந்தா எதத்தான் நம்புறது.

டெஸ்டு எப்படின்னா, மூணாவது கியர்லயே பண்ணலாம், டாப்புல 90, 100னு போயி உசுர பணயம் வைக்க வேண்டியதில்ல. ஆக்ஸிலேட்டர முழுசா திறந்து கொஞ்ச தூரம் இழுக்க விட்டுட்டு, லேசா, ரொம்ப லேசா பின்னால விடணும். விட்டதும் வண்டி கொஞ்சம் முன்னால துள்ளுச்சுன்னா மெயின் ஜெட்டு சின்னது, லீனு. முழுசா திறந்ததும் அடைச்சுக்கிட்டு டுக்கு டுக்குனு தடுக்கி, கொஞ்சம் விட்டா தெளிஞ்சா மெயின் பெருசு, ரிச்சு, அதாவது பெட்ரோல் கூட. 110ல எனக்கு இந்த டுக்கு டுக்கு நல்லாவே கேட்டுச்சு, கண்ணாடில பாத்தா பின்னால லேசா கரும்புகை. 95ல பின்னால விடும்போது துள்ளல் இருந்துச்சு. 100ல ரெண்டும் இல்ல. என் வண்டிக்கு 100. உங்க வண்டிக்கும் அதே வரணும்னு இல்ல, சைலன்சர் வேற, இன்ஜின் தேய்மானம் வேற, அதனால இத பாத்து அப்படியே 100 வாங்கிட்டு வந்து வெடிக்குதுன்னு என்னைய திட்டாதீங்க.

பிளக்கு பாக்குற டெஸ்டும் உண்டு. முழுசா திறந்து ஓட்டிட்டு அப்படியே கிளட்ச புடிச்சு சாவிய அமத்தி ஓரமா உருட்டி நிப்பாட்டி பிளக்க கழட்டிப் பாக்கணும். வெள்ளையா இருந்தா லீனு, பிஸ்கட் கலர்ல இருந்தா சரி, கரி படிஞ்சிருந்தா ரிச்சு. இதுல ஒரு விஷயம், ஈயம் இல்லாத இப்போதைய பெட்ரோல்ல பிளக்குல கலர் ஏற நேரம் எடுக்கும், பழைய பிளக்குன்னா முன்னாடி படிஞ்ச கரியே உங்கள ஏமாத்திரும். புதுப் பிளக்கு போட்டு பாக்கணும், உள்ள பீங்கான் அடிவரைக்கும் டார்ச்சு அடிச்சு பாக்கணும், முனைய மட்டும் பாத்து தீர்ப்பு சொல்லக் கூடாது. கழட்டும்போது கை பத்திரம், அது அடுப்புல இருந்து எடுத்த கரண்டி மாதிரி இருக்கும்.

அடுத்து ஊசி. சிலைட வெளிய எடுத்தா ஊசியோட தலைப்பக்கம் அஞ்சு வெட்டு இருக்கும், அதுல ஒரு சின்ன கிளிப்பு மாட்டியிருக்கும். கிளிப்ப கீழ இறக்குனா ஊசி மேல ஏறும், பெட்ரோல் கூட வரும். கிளிப்ப மேல ஏத்துனா ஊசி இறங்கும், பெட்ரோல் கொறையும். இத தலைகீழா புரிஞ்சுக்கிட்டு ஒரு வாரம் வண்டிய கெடுத்து வச்சவங்க நெறய பேரு உண்டு. அந்த கிளிப்பு தெறிச்சுச்சுன்னா தேடுறது இருக்கே, கீழ ஒரு வெள்ள வேட்டிய விரிச்சுட்டு அது மேல வச்சு கழட்டுங்க, அண்ணாச்சி கடையில அப்படித்தான். நடு வெட்டுல இருந்தத நான் ஒண்ணு கீழ இறக்குனேன். 50, 60ல ஒரே சீரா போகும்போது இருந்த அந்த புடிச்சு விடுற திணறல் போச்சு. லீனா ரிச்சான்னு சந்தேகம் வந்தா ஒரு எளிய வழி, அந்தத் திணறல் வர்ற வேகத்துல போகும்போதே சோக்க லேசா தூக்கிப் பாருங்க. வண்டி தெளிஞ்சா பெட்ரோல் பத்தல, இன்னும் மோசமானா ஏற்கனவே கூட இருக்கு.

கடைசியா பைலட்டு. இதுக்கு வண்டி நல்லா சூடாகியிருக்கணும், வீட்டு வாசல்ல ஸ்டார்ட் பண்ணி ரெண்டு நிமிஷத்துல திருப்பக் கூடாது. ஏர் ஸ்க்ரூவ பைய உள்ள வரைக்கும் திருகி, முட்டுனதும் நிப்பாட்டி (இறுக்குனா உள்ள உக்காருற எடம் போயிரும்), ஒண்ணரை சுத்து வெளிய எடுத்து அங்கன இருந்து ஆரம்பிக்கணும். இந்த வகை கார்புரேட்டர்ல ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கமா இருக்கு, அது காத்த கட்டுப்படுத்துது, அதனால உள்ள திருகுனா ரிச்சு, வெளிய எடுத்தா லீனு. இன்ஜின் பக்கமா ஸ்க்ரூ இருக்குற கார்புரேட்டர்ல எல்லாம் நேர் எதிரு, அது பெட்ரோல கட்டுப்படுத்துறது. ஐடில் ஸ்க்ரூவுல ஸ்பீட கொஞ்சம் கூட்டி வச்சுக்கிட்டு, ஏர் ஸ்க்ரூவ கால் கால் சுத்தா திருப்பி, எந்த எடத்துல இன்ஜின் வேகமாவும் சீராவும் ஓடுதோ அங்கன விட்டுட்டு, பொறவு ஐடில கொறைக்கணும். அந்த டுப்... டுப்... டுப்புன்னு ஒரு தட்டு கூட தவறாம ஆம்பியர் மீட்டர் முள்ளு அதுக்கேத்தாப்ல ஆடுற ஐடிலு வரும் பாருங்க, அதுக்காகத்தான்யா இவ்வளவும்.

எனக்கு நல்ல எடம் அரை சுத்துக்குள்ளயே வந்துச்சு. அதுக்கு அர்த்தம் பைலட் ஜெட்டே சின்னது. ஒரு சுத்துக்கும் கீழ வந்தா பைலட்ட ஒரு சைஸு கூட்டணும், ரெண்டரைக்கு மேல போனா கொறைக்கணும். 25 இருந்துச்சு, 27.5 போட்டதும் ஒண்ணேகால் சுத்துல வந்து உக்காந்துச்சு. வெடி நின்னுச்சு. சுத்தமா நிக்கல, மூணாவது கியர்ல இறக்கத்துல விட்டா ஒண்ணு ரெண்டு மெல்லிசா கேக்கும், அது இருந்துட்டுப் போகட்டும்னு அண்ணாச்சியே சொல்லிட்டாரு. "அதையும் நிறுத்தணும்னா ரிச்சு ஆக்கணும், பெட்ரோலு உம்ம வீட்டுக் கெணத்துலயா வருது?"

இந்த பெட்ரோல் விஷயத்துல இன்னொண்ணு. 2023ல இருந்து 20 சதவீதம் எத்தனால் கலந்த ஈ20 பெட்ரோல் பங்க்குகளுக்கு வர ஆரம்பிச்சு இப்ப எங்க போனாலும் அதுதான். எத்தனால்ல ஆக்சிஜன் அதுலயே இருக்கு, அது முழுசா எரிய 9 பங்கு காத்து போதும். 20 சதவீதம் கலந்தா மொத்தத்துக்கு 14.7ங்குறது 13.5 பக்கம் இறங்கிரும். இஞ்செக்ஷன் வண்டில சென்சர் பாத்து கம்ப்யூட்டர் தானா பெட்ரோல கூட்டிக்கிடும். கார்புரேட்டருக்கு கண்ணும் இல்ல மூளையும் இல்ல, அதே ஓட்ட வழியா அதே அளவுதான் விடும், ஆக சைலன்சரே மாத்தாத பழைய வண்டிகூட இப்ப கொஞ்சம் லீனாத்தான் ஓடிட்டு இருக்கு. அதுக்கு மேல சைலன்சரும் மாத்துனா எங்க போயி நிக்கும்னு பாத்துக்கோங்க. எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், ஐப்பசி கார்த்திகை மழையில வண்டிய மூணு வாரம் எடுக்காம போட்டா கிண்ணத்தோட அடியில தண்ணி தங்கும், பழைய ரப்பர் வாஷர் எல்லாம் ஊதிப்போகும். போடுறதுக்கு முன்னாடி பெட்ரோல் டேப்ப மூடிட்டு கிண்ணத்துல இருக்குறது தீருற வரைக்கும் ஓட விட்டு அமத்துங்க.

வெயிலும் கணக்குல வரும். கத்திரி வெயில்ல காத்து சூடாகி விரிஞ்சிருக்கும், ஆக்சிஜன் கொறவு, அதனால மிக்சர் கொஞ்சம் ரிச்சு பக்கம் சாயும். மார்கழி விடியக்காலையில நேர் எதிரு. மே மாசம் மதியம் 12 மணிக்கு கச்சிதமா டியூன் பண்ணுன வண்டி டிசம்பர்ல வெடிக்க ஆரம்பிச்சா ஆச்சரியப்பட வேண்டாம், கால் சுத்து ஏர் ஸ்க்ரூவ உள்ள திருகுனா தீந்துச்சு.

சைலன்சரோட ஏர் ஃபில்டரையும் மாத்தி அந்த கோன் ஃபில்டர் போடலாமான்னு கேப்பீங்க. நான் போடல, போடவும் மாட்டேன். எங்க அத்தை வீடு திசையன்விளை பக்கம், தேரிக்காட்டு செம்மண்ணு காத்துல பவுடர் மாதிரி பறக்குற ஊரு, அந்த மண்ணு பிஸ்டன் ரிங்குக்கும் சிலிண்டருக்கும் நடுவுல போனா அரப்பேப்பர் போட்டு தேய்ச்ச கணக்குதான். கம்பெனி ஃபில்டர் பாக்ஸே எனக்குப் போதும். அதுவும் போக, டப்பாவ எடுத்துட்டு கோன் போட்டா ஜெட்டு எல்லாத்தையும் முதல்ல இருந்து பாக்கணும், மழையில நனைஞ்சா அதுக்கு தனி கூத்து.

பொறவு வந்த புல்லட்டு, அதாவது இன்ஜினும் கியர் பாக்ஸும் ஒரே கூட்டுல இருக்குற யூசிஇ இன்ஜின் வண்டில இருக்குறது வேற கார்புரேட்டரு, பிஎஸ்29ன்னு ஒரு மாடலு, அதுல சிலைட கேபிள் தூக்காது, ரப்பர் டயஃப்ரம் தூக்கும், அதுல கிழிசல் இருந்தா நீங்க என்ன ஜெட்டு போட்டாலும் இழுக்காது. 2020 ஏப்ரலுக்குப் பொறவு பிஎஸ்6ங்குற புகை விதி வந்ததும் கார்புரேட்டரே போயி இஞ்செக்ஷன் ஆயிருச்சு, அதுல ஜெட்டும் இல்ல ஸ்க்ரூவும் இல்ல, அந்த வண்டிக்காரங்க இவ்வளவு தூரம் வாசிச்சிருந்தா மன்னிச்சுக்கோங்க.

மைலேஜு கேக்காம விடமாட்டீங்க. முன்னவிட கொஞ்சம் கொறஞ்சுருக்கு, பொய் சொல்லல, பெட்ரோல் கூட விட்டா கொறையத்தான செய்யும். பவர் எவ்வளவு கூடுச்சுன்னா 18 குதிரை 25 ஆயிருச்சுன்னு எல்லாம் அளந்து விட மாட்டேன், கூடுனது கொஞ்சம்தான், ஆனா ஈரடுக்கு மேம்பாலத்துல ஆளு பின்னால உக்காந்திருக்க மூணாவது கியர்ல திணறாம ஏறுது, முன்னாடி ரெண்டாவதுக்கு இறக்கணும். கால்ல அடிக்குற சூடு கொறஞ்சிருக்கு, அது எனக்குப் பெருசு. பெண்டு பைப்பு நீலம் அப்படியே இருக்கு, அது வந்தா போகாது.

கிளாஸ்வுல் கொஞ்ச நாள்ல எரிஞ்சு தூளாகி வெளிய போயிரும், சத்தம் தகரம் மாதிரி மாறுனா அதுதான் அடையாளம், திரும்ப சுத்தணும். சுத்தும்போது கையுறை போடுங்க, முழுக்கை சட்டை போடுங்க, மூக்கயும் மூடிக்கோங்க, சும்மா கையால தொட்டா ராத்திரி முழுக்க சொறிஞ்சுட்டே கெடக்கணும். பழைய கம்பெனி சைலன்சரையும் நான் இரும்புக் கடையில போடல, அடிய வெல்டு வச்சு, உள்ள கழண்ட தகட்டையும் ஒட்ட வச்சு, ரெண்டு பக்கமும் துணி அடைச்சு பரண்ல போட்டிருக்கேன், பழைய 90 ஜெட்டையும் 25 பைலட்டையும் ஒரு மாத்திரை டப்பாவுல போட்டு அதுலயே கட்டி வச்சாச்சு. 15 வருஷம் தாண்டுன வண்டி, 5 வருஷத்துக்கு ஒரு தடவ ஆர்சி புதுப்பிக்க கொண்டு போயி காட்டணும்லா, அப்ப எல்லாத்தையும் மாட்டிட்டுப் போகணும். அந்த ஊசி கிளிப்பையும் நடு வெட்டுக்கு ஏத்தணும்னு டப்பா மேல பேனாவுல எழுதி வச்சிருக்கேன்.